அறுபத்திரண்டு படி

செவ்வாயும் வியாழனும் மாலையில் நான் போகும் சிங்கள வகுப்பில், தினமும் ஐந்து வரி நாட்குறிப்பு எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். எழுந்தேன், பஸ் ஏறினேன், கந்தோருக்குப் போனேன் என்று எழுதிச் சமாளித்துவிடுவேன். இந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து வரிக்குள் வரவில்லை. என்னிடம் இருக்கும் சிங்களத்துக்குள்ளும் வரவில்லை. அதனால் தமிழில் எழுதுகிறேன். நேரங்களைச் சரியாகக் குறித்திருக்கிறேன். மற்றவற்றைச் சரியாகக் கேட்டேனா என்பது எனக்கே நிச்சயமில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி நான் கண்டிக்கு வந்து பதினான்கு மாதமாகிறது. குண்டசாலையில் பேச்சியம்மா வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருக்கிறேன். பேச்சியம்மாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். கணவர் இறந்த பிறகு, மகள் நிலூஷாவுக்குக் கிடைத்த கார்மெண்ட் வேலையை நம்பி இங்கே இறங்கி வந்தார். நிலூஷாவுக்கு இருபத்தொன்பது. இந்த வருடம் கார்மெண்டை மூடிவிட்டார்கள். வருகிற வியாழக்கிழமை அவள் வீட்டு வேலைக்காகக் குவைத்துக்குப் போகிறாள்.

மெடிக்கல் முடிந்து, விசா வந்து, புதுச் சூட்கேஸ் நடுவீட்டில் நிற்கும்வரை பேச்சியம்மா எதுவும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே பேசினார்.

"நிலூ, நீ போறதுக்கு முந்தி எனக்கு ஒரு வூட்டக் காட்டணும்."

"எந்த வூடு?"

"கண்டியில. நான் சின்னப் புள்ளையா வேல செஞ்ச வூடு. அதப் பாக்காம ஒன்னைய ஏர்போட்டுக்கு அனுப்ப மாட்டேன்."

நிலூஷா கையிலிருந்த போனைக் கீழே வைத்தாள். "நீ கண்டியில வேல செஞ்சியா? இம்புட்டு நாளா சொல்லவே இல்லையே? மூக்காயி சித்தி காணாமப் போன வூடுன்னு மட்டுந்தானே சொல்லியிருக்க."

"அதே வூடுதான். மொதல்ல நான் இருந்தேன். பொறவு அவ."

மூக்காயி பேச்சியம்மாவுக்கு நாலு வயது இளையவர். பத்து வயதில் கண்டியில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு விட்டார்கள். நாலு வருடம் கழித்து அப்பா தேடிப் போனபோது ஆளில்லை. ஓடிப்போய்விட்டாள் என்று வீட்டில் முடிவு செய்தார்கள். நிலூஷாவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அன்று மாலையே பேச்சியம்மா சொன்ன அடையாளங்களை நான் ஒரு கொப்பியில் எழுதினேன். தெரு என்ன பெயர் என்று கேட்டேன், தெரியாது. வீட்டு ஐயா பெயர்? தெரியாது, ஐயாதான். குளத்துக்கு மேலே. அடியில் ஒரு முஸ்லிம் கடை. கடையிலிருந்து வீட்டுக்கு அறுபத்திரண்டு கருங்கல் படி.

"அறுபத்திரண்டு நிச்சயமா அம்மா?" என்று கேட்டேன்.

"மிஸ், அஞ்சு வருசம் ஒரு நாளைக்கு நாலு தடவ ஏறியிருக்கேன்" என்றார். "மிஸ்ஸும் வாங்க. எழுதுறவங்க ஒருத்தர் கூட இருக்கட்டும்."

ஞாயிறு காலை 8.25க்கு மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இறங்கினோம். வெயில் அடித்தது. ஆனால் ஐப்பசி மாதம், இரண்டு மணிக்குப் பிறகு மழை நிச்சயம் என்று மூன்று பேரிடமும் குடை இருந்தது. நிலூஷா போனில் வரைபடத்தைத் திறந்து, குளத்தைச் சுற்றியுள்ள வீதிகளை விரலால் பெரிதாக்கினாள்.

"ஆட்டோ புடிச்சு ஒரு ரவுண்டு அடிச்சிரலாம்மா. ஒனக்கு முழங்கால் வலி."

"ஆட்டோவுல போனா எனக்கு வழி தெரியாது. மார்க்கட்டுல மீன் கடப் பக்கம் கூட்டிட்டுப் போ. அங்கேருந்து நடக்கணும்."

மீன் கடை வாசலில் வந்து நின்றதும் பேச்சியம்மா ஒரு காரியம் செய்தார். சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலையைக் குனிந்து, தரையைப் பார்த்தபடி நடக்கத் தொடங்கினார். எதிரே ஆள் வருகிறதா, பஸ் வருகிறதா என்று பார்க்கவில்லை. நிலூஷா ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

"ஏம்மா, நிமிர்ந்து பாத்து நட. அடிபடப் போற!"

"நிமிந்தா எனக்கு ஒன்னும் தெரியாதுடி. அந்த வூட்டு அம்மா முன்னுக்குப் போவாங்க, நான் பையத் தூக்கிக்கிட்டு நாலடி பின்னுக்குப் போவேன். கடையப் பாக்காத, ஆளப் பாக்காத, கையில இருக்க பையப் பாருன்னு சொல்லுவாங்க. நான் பாத்ததெல்லாம் கீழதான்."

அப்படித்தான் நாங்கள் கண்டியில் நடந்தோம். நான் பதினான்கு மாதமாகத் தினமும் கடந்து போகும் வீதிதான் அது. கடைப் பலகைகளை வைத்துத்தான் எனக்கு அது தெரியும். பேச்சியம்மாவுக்கு மழைத்தண்ணீர் ஓடும் வீதியோரக் கானின் வளைவு தெரிந்திருந்தது. கான் மூடிக் கல்லில் இருந்த இரும்பு வளையம் தெரிந்திருந்தது. ஓரிடத்தில் புதிதாகக் கொங்கிரீட் போட்டிருந்தார்கள். அங்கே அவர் வழி தவறி நின்று, பத்தடி பின்னால் வந்து, பழைய கல் தெரிந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கினார்.

"எங்கம்மாவுக்குக் கூகுள் வேணாம். கான் போதும்" என்றாள் நிலூஷா. பேச்சியம்மாவும் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

குளத்து மதிலருகே அவர் முழங்காலை மடித்து உட்கார்ந்தார். வெள்ளை மதிலில் வரிசையாக முக்கோணப் பொந்துகள் இருக்கின்றன. ஒன்றின் வழியாகத் தண்ணீரைப் பார்த்தார். நான் மதிலுக்கு மேலாலேயே பார்த்துப் பழகியவள். உட்கார்ந்து பார்த்தேன். ஒரு மீன் கூட்டம், ஒரு யோகட் கோப்பை, வேறொன்றும் தெரியவில்லை.

"அம்மா ஆரோடயாவது நின்னு பேசுனா நான் இதுக்குள்ளால பாப்பேன். ஒரு தடவ ஒரு ஆம தலைய நீட்டுச்சு." அவ்வளவுதான் சொன்னார். எழும்புவதற்கு நிலூஷா கை கொடுக்க வேண்டியிருந்தது.

குளத்தின் தென்பக்கமாக மலைக்கு ஏறும் ஒடுக்கமான ஒழுங்கைகள் நிறைய. 9.40க்கு முதலாவது படிக்கட்டு. நாற்பத்தொன்று. 10.15க்கு இரண்டாவது, படிகள் உயரமில்லாமல் தரையோடு ஒட்டியிருந்தன, கல்லும் வேறு வடிவம். நிலூஷா ஒவ்வொரு கடையிலும் முதலில் சிங்களத்திலும் பிறகு தமிழிலும் கேட்டாள். முப்பத்தைந்து வருடத்துக்கு முன் இந்தப் பக்கம் ஒரு வீட்டில் மூக்காயி என்று ஒரு பிள்ளை வேலைக்கு நின்றதா? ஒரு மருந்துக்கடைக்காரர் அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார், வாயில் வரவில்லை. பேச்சியம்மா ஒவ்வொரு தடவையும் கடை வாசலுக்கு வெளியே தள்ளி நின்றார். அவர் ஒரு தடவையாவது வாயைத் திறந்து கேட்கவில்லை. அதை நான் அப்போது வெட்கம் என்று எழுதிக்கொண்டேன். கொப்பியில் இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

11.50க்கு ஒரு வளைவில், தாழ்ந்த சுவரில் உட்கார்ந்து சாப்பிட்டோம். தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும். கீழே குளம் தட்டையாகக் கிடந்தது. எதிர்மலையில் பெரிய வெள்ளைப் புத்தர் சிலை.

"அவரு அப்ப இல்ல" என்றார் பேச்சியம்மா. "வெறும் மல."

நிலூஷா சம்பல் ஒட்டிய விரலை நக்கிக்கொண்டு கேட்டாள். "நீ பேச்சி, சித்தி மூக்காயி. எனக்கு மட்டும் எங்கேருந்து நிலூஷான்னு புடிச்ச? பாஸ்போட் ஆபீஸ்ல என்னைய பாத்து, தமிழா சிங்களமான்னு ரெண்டு தரம் கேட்டான்."

"ஆஸ்பத்திரி நர்ஸ் வெச்சது."

"போன வருசம் கேட்டப்ப அப்பா வெச்சதுன்ன."

"ரொட்டியத் தின்னு."

பிறகு பேச்சியம்மா என் பக்கம் திரும்பினார். "மிஸ் ஒன்னும் நெனச்சுக்காதீங்க. மொதல் தடவ ரூம் கேட்டு வந்தப்ப, 'ஓம் அம்மா, நாளைக்கே வாறன்'ன்னீங்க. ரூம் இல்லன்னு சொல்லிரலாமான்னு பாத்தேன். அந்த வூட்டு அம்மாவும் அப்படித்தான் பேசுவாங்க. அவங்களும் யாழ்ப்பாணத்து ஆளுகதான். ஐயா எஞ்சின் வேலையில பெரிய ஆபீசர்."

"கூடாத ஆக்களா அம்மா?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். "அடிக்க மாட்டாங்க. சோறு குடுப்பாங்க. காய்ச்சலா கெடந்தா கொத்தமல்லி அவிச்சுத் தருவாங்க." ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டு, "கூடாத ஆளுகன்னு சொல்ல முடியாது" என்றார்.

எங்கள் வீட்டிலும் செல்வி என்று ஒருவர் இருந்தார். நான் பிறப்பதற்கு முன்பே மலையகத்திலிருந்து வந்தவர். என் தலையைப் பின்னி, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனவர். நான் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது போய்விட்டார். எந்தத் தோட்டத்திலிருந்து வந்தவர் என்று நான் கேட்டதில்லை. இதை எழுத வேண்டுமா என்று யோசித்துவிட்டே எழுதுகிறேன்.

மூன்றாவது படிக்கட்டு 12.35க்கு. பேச்சியம்மா தூரத்திலேயே நின்றுவிட்டார். அடிப்படியின் வலது மூலை உடைந்து, அரைவட்டமாகத் தேய்ந்திருந்தது. அவர் செருப்பைக் கழற்றி, அந்த உடைந்த மூலையில் பெருவிரலை வைத்தார். விரல் பொருந்தி உட்கார்ந்தது.

நான் எண்ணிக்கொண்டே ஏறினேன். ஐம்பத்தெட்டு. இறங்கி மறுபடி எண்ணினேன். ஐம்பத்தெட்டுத்தான்.

"நாலு குறையுது அம்மா. இது இல்லையோ?"

"இதுதான்" என்றார்.

மேலே வீடு இப்போது வெளிநாட்டுப் பயணிகள் தங்கும் விடுதி. முன்புறத்தில் கண்ணாடி பதித்து, பூச்சட்டி வைத்திருந்தார்கள். நிலூஷா முன் கேற்றுக்குப் போய் மணியை அடித்தாள். பேச்சியம்மா முன்னுக்குப் போகவில்லை. சுவரோடு ஒட்டிய ஒற்றையடிப் பாதையில் போய், பக்கத்துச் சின்னக் கேற்றின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அங்கிருந்து பார்த்தால் புகைக்கரி ஏறிய ஒரு புகைபோக்கியும், கம்பி போட்ட குசினி யன்னலும் தெரிந்தன. யன்னலுக்குள் யாரோ ஒரு பெண் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்து எங்களைப் பார்த்தபோது பேச்சியம்மா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்.

விடுதி மனேஜர் மரியாதையான ஆள். இந்த இடத்தைப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் வாங்கினார்களாம். அதற்கு முந்தியவர்களைத் தெரியாதாம். கீழே கடையில் கேட்டுப் பாருங்கள் என்றார்.

கடை படிக்கு நேர் எதிரே இருந்தது. மளிகையும் தேநீரும். முதலாளி நஸீப்புக்கு அறுபது வயதிருக்கும். வெள்ளைத் தொப்பி, பொத்தான் பூட்டாத சேட்டு.

"வாங்க, வாங்குல இரிங்க. பிளேன்டீ ஊத்தவா? மீன் வெச்ச மாலு பணிஸ் சூடா ஈக்கி."

நான் முதலில் கேட்டது படியைப் பற்றி. "ஐம்பத்தெட்டுத்தான் இருக்குது, முந்தி அறுபத்திரண்டா?"

"எப்படித் தெரீம்?" என்று அவர் ஆச்சரியப்பட்டார். "றோட்ட உசத்தினாங்க. அடிப்படி நாலு மண்ணுக்குள்ள போயிட்டு. மூலை ஒடஞ்ச படி அப்ப அஞ்சாவது. இப்ப அதுதான் மொதப் படி."

பேச்சியம்மா கடை வாசலில் கிடந்த மரவாங்கில் உட்கார்ந்தார். நிலூஷா காலையிலிருந்து கேட்ட கேள்வியை இங்கும் கேட்டாள். மேல் வீட்டிலோ பக்கத்திலோ மூக்காயி என்று ஒரு பிள்ளை.

நஸீப் ஊற்றிக்கொண்டிருந்த தேநீரை நிறுத்தினார்.

"மூக்காயியா? அந்தப் பேர என் ஆயுசுல ஒரே ஒருக்காத்தான் கேட்டீக்கிறன். எண்பத்தொம்பது. கலவரக் காலம், ஊரெல்லாம் பயம், நாலு மணிக்கே கடையச் சாத்திருவோம். ஒரு தோட்டத்து ஆள் வந்தாரு. தலையில துண்டு, கையில ஒரு பை நெறயக் கொய்யாப்பழம். மூக்காயின்னு எம் புள்ள இங்க ஒரு வீட்டுல நிக்குது, எந்த வீடுன்னு தெரியல்லன்னு சென்னாரு. எங்க வாப்பாவுக்கு இந்த மலையில நிக்கிற அத்தன புள்ளைகளையும் தெரீம், எல்லாம் இங்கதானே சாமான் வாங்க வரும். யோசிச்சுப் பாத்துட்டு, 'அப்படி ஒருத்தரும் இங்க இல்ல'ன்னுட்டாரு."

"பொறவு?" என்றாள் நிலூஷா.

"அவரு போகல்ல. இந்தா, இவங்க இரிக்கிற வாங்குலதான் இருந்தாரு. ஹேவாஹெட்டக்குக் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகுதுன்னு வாப்பாதான் சொல்லி எழுப்பினாரு. கொய்யாப்பழத்த இங்கயே வெச்சுட்டுப் போயிட்டாரு. எனக்கு மனசு கேக்கல்ல. பின்னேரம் மேல வீட்டு ராணி சீனி வாங்க வந்தா. அவளுக்கு ஒரு பழத்தக் குடுத்து, 'ஒரு ஆள் மூக்காயின்னு ஒரு புள்ளயத் தேடிட்டுப் போறாரு, ஒனக்கு ஆரையும் தெரீமா?'ன்னு கேட்டேன். தெரியாதுன்னா. ஆனா பழத்தக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே நிண்டா. தின்னவும் இல்ல, போகவும் இல்ல. அதான் எனக்கு அந்தப் பேரு இன்னும் நெனவுல ஈக்கி."

பேச்சியம்மா இரண்டு உள்ளங்கைகளையும் வாங்கில் அழுத்தி வைத்திருந்தார். கீழே பார்த்தபடிதான் பேசினார்.

"அந்த ராணிதான் மூக்காயி."

நஸீப் அவரைப் பார்த்தார்.

"அந்த வூட்டு அம்மாவுக்குப் புதுப் பேரு வாயில வராது. மொத மொத வந்த புள்ள ராணி. அதுக்குப் பொறவு எந்தப் புள்ள வந்தாலும் ராணிதான். மூக்காயிக்கு முந்தின ராணி நான்."

நஸீப் தேநீர்ச் சாடியை மேசையில் வைத்தார். அப்படியே திரையை விலக்கிக்கொண்டு வீட்டுக்குள்ளே போனார். எங்கள் பேச்சு அவரைப் புண்படுத்திவிட்டதோ என்று நான் பயந்தேன்.

நிலூஷா வாங்கில் உட்காராமல் அம்மாவுக்கு முன்னால் நின்றாள்.

"தாத்தாவோட நீ ஏன் வரல? வழி ஒனக்குத்தானே தெரியும்?"

"கூப்பிட்டாரு. வயித்து வலின்னு படுத்துக்கிட்டேன்."

"சரி. பேரையாவது சொல்லியிருக்கலாமே. ராணின்னு கேளுங்கப்பான்னு ஒரு வார்த்த."

"சொல்லியிருக்கலாம்."

"காலையில இருந்து நான் கட கடையா மூக்காயி மூக்காயின்னு கேக்குறேன். அப்பவும் நீ பேசாமதான் நின்ன."

"ஆமா."

"ஏம்மா?"

மேகம் இறங்கி, வீதி இருட்டத் தொடங்கியிருந்தது. மணி 1.20.

"அந்த வூட்டுல இருந்து ஒருத்தி வரணுமின்னா இன்னொருத்தி போகணும்டி. சும்மா விட மாட்டாங்க, பதில் ஆள் குடுக்கணும். எனக்குப் பதினாலு வயசுல அங்க இருக்கவே முடியல. ஒருத்தரும் ஒன்னும் செய்யல. இருக்க முடியல, அம்புட்டுத்தான். வலிப்பு வந்த மாதிரி விழுந்தேன். மூனு தடவ விழுந்தேன். அம்மா பயந்துட்டாங்க, வேற புள்ள கொண்டான்னாங்க. தரகர் போயி மூக்காயியக் கூட்டிட்டு வந்தாரு. நான் போட்டிருந்த கவுனக் கழட்டி அவளுக்கு மாட்டிவிட்டேன். பெருசா இருந்துச்சு, இடுப்புல ஒரு ஊசி குத்தினேன். 'இங்க ஒம் பேரு ராணி. மூக்காயின்னு ஆரு கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்காத. அப்பத்தான் சீக்கிரம் பழகும்'ன்னு நாந்தான் சொல்லிக் குடுத்தேன். தலைய தலைய ஆட்டுனா."

நிலூஷா குடையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டு நின்றாள். அவரே தொடர்ந்தார்.

"எம்பத்தொம்பதுல தரகர் செத்துட்டாரு. அதுக்கப்பறந்தான் அப்பா நேரா தேடிப் போனாரு. அந்த மாசம் என்னைய பொண்ணு பாத்துட்டுப் போயிருந்தாங்க, ஒங்கப்பா வூட்டுல. அவ வந்தா யாரு போறது? வேற யாரு இருந்தா? அப்பா வெறுங்கையோட லயத்து வாசல்ல வந்து நிக்கும்போதே எனக்குத் தெரிஞ்சிருச்சு, எந்தப் பேரச் சொல்லிக் கேட்டிருப்பாருன்னு. 'புள்ள ஓடிருச்சு போல'ன்னாரு. நான் சோறு போட்டுக் குடுத்தேன். ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கித் தின்னாரு, ரொம்ப நடந்திருப்பாரு."

"அம்மா, போதும்" என்றாள் நிலூஷா.

"ஒனக்கு ஏன் நிலூஷான்னு வெச்சேன்னு கேட்டியே. எவ வூட்டுக்குப் போனாலும் மாத்தத் தோணாத பேரு ஒன்னு வேணும்னு தேடுனேன். அப்பவே தெரியும்போல, ஒனக்கும் வூட்டு வேலதான்னு."

நிலூஷா குடையை விரித்தாள், மடக்கினாள். மழை இன்னும் வரவில்லை.

திரை விலகியது. நஸீப் கண்ணாடி போட்டுக்கொண்டு, கையில் போனோடு வந்தார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி ஸமீம், ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி.

"ராணி ஈக்கிறா" என்றார் நஸீப்.

அவர் இன்னொரு தடவை சொன்னார். "ஈக்கிறா. நாவலப்பிட்டியில. தொண்ணூறுல அந்த எஞ்சினியர் குடும்பம் வெளிநாடு போயிட்டு. புள்ளய என்ன செய்யிறன்னு தெரியாம நிண்டாங்க. ஒன் ஊர் எது, ஒன் ஆக்கள் எங்கன்னு கேட்டா, எனக்கு ஒருத்தரும் இல்லங்கிறா. எங்க உம்மாதான் வீட்டுக்குக் கூட்டி வந்தாங்க. ஆறு வருஷம் எங்களோட இருந்தா. பொறகு ரயில் பாதை வேலைக்காரர் ஒருத்தருக்குக் கட்டிக் குடுத்தோம், நல்ல மனுஷன். ரெண்டு ஆம்பளப் புள்ள."

"எங்க மகள்ட கலியாணத்துக்கு வந்து மூணு நாள் நிண்டு சமைச்சது அவதான்" என்றார் ஸமீம். "இவங்கட மூக்கப் பாருங்களேன். அப்படியே ராணிட மூக்கு."

பேச்சியம்மா எழும்பி, மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மறுபடி உட்கார்ந்தார். நஸீப் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார். நாலு தடவை மணி அடித்தது.

"ஆரு, நஸீப் நானாவா?" அந்தக் குரல் பேச்சியம்மாவின் குரல்தான். ஆனால் பேச்சு வேறு. "என்ன நானா இந்த நேரத்துல, மச்சிக்குச் சொகமில்லையா?"

"எல்லாருக்கும் சொகம் ராணி. இங்க ஒரு ஆள் ஒன்னோட பேச ஈக்கிறாங்க."

போனைப் பேச்சியம்மாவின் வாயருகே நீட்டினார். பேச்சியம்மா அதைத் தொடவில்லை. நிலூஷா வாங்கிப் பிடித்துக்கொண்டாள். மணி 1.41.

"மூக்காயி" என்றார் பேச்சியம்மா.

அந்தப் பக்கம் ஒரு குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. தூரத்தில் ரயில் பெட்டிகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டது.

"மூக்காயி, நான் பேச்சி."

"அப்படி ஒருத்தரும் இங்க இல்ல" என்றது குரல்.

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் ஒரு சாமான் முடிந்துவிட்டதென்று சொல்வது போலத்தான் இருந்தது. நஸீப் தலையில் கை வைத்துக்கொண்டார். அது அவருடைய வாப்பா சொன்ன வார்த்தை.

ஆனால் போனை வைக்கவில்லை. மூச்சு கேட்டது. நிலூஷா என்னைப் பார்த்தாள், நான் போன் திரையைப் பார்த்தேன். விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. நாலு நிமிடம். ஐந்து. ஸமீம் அடுப்பை அணைக்க உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்தார். ஒருவர் பால்மா வாங்க வந்தார். நஸீப் விரலை உதட்டில் வைத்து அவரை நிற்க வைத்தார். ஏன் என்று தெரியாமலே அவரும் நின்றார். மழை தொடங்கியது. முதலில் தகரத்தில் தனித்தனியாக, பிறகு ஒரே இரைச்சலாக. பேச்சியம்மா போனை நிலூஷாவின் கையோடு சேர்த்துப் பிடித்துக் காதில் வைத்துக்கொண்டார். கண் மட்டும் எதிரே படியில் இருந்தது. தண்ணீர் ஒவ்வொரு படியாக விழுந்து, உடைந்த மூலையால் வழிந்து வந்தது.

என்ன சொல்வதென்று தெரியாதவர் போலத்தான் அவர் அதைச் சொன்னார்.

"படி இப்ப அம்பத்தெட்டுதான் இருக்கு."

மழைச் சத்தத்தில் இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நான் குனிந்து திரையைப் பார்த்தேன். பதினோரு நிமிடம் இருபது விநாடி. ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"அறுபத்திரெண்டு" என்றது குரல்.

அதோடு போன் வைக்கப்பட்டது.

நஸீப் மறுபடி அழைக்கப் போனார். பேச்சியம்மா வேண்டாமென்று கையைக் காட்டினார். ஸமீம் எண்ணையும் முகவரியையும் ஒரு பாண் பையில் எழுதி, மடித்து, நிலூஷாவிடம் கொடுத்தார். முகவரியில் பெயர் ராணி என்றுதான் இருந்தது. ஆறிப்போன தேநீரை நாங்கள் மூன்று பேரும் குடித்தோம். காசு வாங்க மாட்டேன் என்றார் நஸீப்.

2.50க்கு மழை தணிந்ததும் கடையை விட்டு இறங்கினோம். திரும்பும்போது பேச்சியம்மா தரையைப் பார்த்து நடக்கவில்லை. அதனாலேயோ என்னவோ இரண்டு தரம் தடுக்கினார், இரண்டு தரமும் நிலூஷா பிடித்துக்கொண்டாள். குண்டசாலை பஸ்ஸில் அவர்களுக்குச் சேர்ந்தாற்போல் இடம் கிடைத்தது. நான் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றேன். யன்னல் எல்லாம் நீராவி பிடித்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. பாதி வழிக்கு மேல் வந்த பிறகுதான் பேச்சியம்மா பேசினார்.

"நிலூ."

"ம்."

"நீ போ. நான் தடுக்கல."

நிலூஷா தலையாட்டினாள்.

"அங்க ஒன்னைய என்ன பேரு சொல்லிக் கூப்புடுறாங்களோ, அத அன்னைக்கே போன் பண்ணி எனக்குச் சொல்லிரு."

"என் பேரத்தாம்மா சொல்லிக் கூப்புடுவாங்க. நிலூஷான்னு அரபிக்காரனுக்கும் வாயில வரும்."

"வந்தா நல்லது. வராட்டி, என்ன பேருன்னு சொல்லிரு."

"சொல்றேன்."

"மறந்துராத. தேடி வந்தா, எந்தப் பேரச் சொல்லிக் கேக்குறதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."